பழுப்பு ஓட்டுக்குள் கட்டுக்கதைகள்

வீட்டுக் கோழி, அதன் முட்டை பற்றிய நம்பிக்கைகள் நகரத்தில் பர்ஸைப் பதம் பார்க்கின்றன. கிராமத்திலோ கோழிகளையே காவு வாங்குகின்றன.

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டானாலும் சரி, பெங்களூர் ரஸ்ஸல் மார்க்கெட்டானாலும் சரி, முட்டை வாங்க வருபவரின் கண் முதலில் தேடுவது நிறத்தை. பழுப்பாக இருந்தால் அது 'தேசி'. தமிழர் வீடுகளில் நாட்டுக்கோழி முட்டை. பெயர் எதுவானாலும் வெள்ளை முட்டையைவிட விலை அதிகம். பல இடங்களில் இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் காசு பெரும்பாலும் ஓட்டின் நிறத்துக்குத்தான் போகிறது.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. வெள்ளை லெகார்ன் வெள்ளை முட்டையிடும். ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டையிடும். பெட்டையின் உடலுக்குள் ஓடு உருவாகும்போது அதன் மேல் படியும் நிறமி அது. உள்ளே இருக்கும் சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகள் பண்ணைக் கூண்டுகளில் ஆயிரக்கணக்கில் வளர்கின்றன. அவற்றின் முட்டை 'தேசி' என்ற பெயரில் கடைக்கு வந்தால், நிறத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது நிச்சயம். அளவு ஓரளவு துப்புக் கொடுக்கும். அசல் நாட்டுக்கோழி முட்டை சுமார் 40 கிராம்தான். பண்ணை முட்டை 55 கிராம் வரை இருக்கும்.

மஞ்சள் கரு ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தால்? அது கோழி தின்றதன் அடையாளம். கீரை, புல், மஞ்சள் சோளம் தின்றால் கரு நிறமேறும். தீவனத்தில் சாமந்திப்பூச் சாற்றைக் கலந்து பண்ணைக்காரரும் அதே நிறத்தைக் கொண்டுவர முடியும்.

அப்படியானால் வீட்டு முட்டையில் விசேஷம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. வெயிலில் திரிந்து, பசுந்தழையும் புழுபூச்சியும் தின்னும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி, ஒமேகா-3 கொழுப்பு போன்றவை கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. இது மேய்ச்சலால் வரும் லாபம். புரதத்தைப் பொறுத்தவரை கிராமுக்குக் கிராம் பெரிய வித்தியாசம் கிடையாது. முட்டை சிறிதாக இருப்பதால், ஒரு நாட்டு முட்டையில் கிடைக்கும் மொத்தப் புரதம் பண்ணை முட்டையைவிடக் குறைவு. வளரும் பிள்ளைக்காகக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பம் ஒரு நாட்டு முட்டையின் விலையில் இரண்டு வெள்ளை முட்டை வாங்கினால் நஷ்டமில்லை.

பச்சை முட்டையின் மகிமை

நாட்டு முட்டையைப் பச்சையாகக் குடித்தால் பலம் என்ற நம்பிக்கைக்கு மாநில எல்லை கிடையாது. உண்மையில் வெந்த முட்டையின் புரதத்தைத்தான் உடல் நன்றாக ஜீரணிக்கிறது. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள் பயோட்டின் வைட்டமினை உடலில் சேர விடாது. சால்மொனெல்லா கிருமி வேறு. அது பண்ணைக் கோழி, வீட்டுக் கோழி என்று பேதம் பார்ப்பதில்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் பச்சை முட்டைப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாது என்பது இன்னொரு நம்பிக்கை. பெட்டை தானாகவே முட்டையிடும். குஞ்சு பொரிக்க மட்டுமே சேவல் வேண்டும். சேவல் சேராத முட்டையை அடைக்கு வைத்தால் கூமுட்டைதான் மிஞ்சும். கருவில் தெரியும் ரத்தப் புள்ளியைக் குஞ்சு என்று நினைத்து எறிந்துவிடுபவர்களும் உண்டு. முட்டை உருவாகும்போது சிறு ரத்தக் குழாய் ஒன்று வெடித்ததன் தடயம் அது. புள்ளியை எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கடக்நாத் கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடவே வதந்திகளும் கிளம்பின. அதன் இறைச்சியும் எலும்பும் கறுப்பு என்பது நிஜம். மெலனின் நிறமியின் வேலை அது. முட்டையும் கறுப்பு என்பது கதை. அது வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும்.

நோய்க்குத் தெரியுமா?

நகரவாசியின் நம்பிக்கை சில ரூபாயோடு போகும். வீட்டுக் கோழிக்கு நோய் வராது, மருந்து வேண்டாம், தீனி வேண்டாம் என்ற கிராமத்து நம்பிக்கைக்குத்தான் விலை அதிகம். 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீட்டுப்புறத்தில் வளரும் கோழியினங்கள் சுமார் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட இது ஏறத்தாழ 46 சதவீதம் அதிகம். இவற்றைப் பராமரிப்பது பெரும்பாலும் பெண்கள். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீர் வைத்தியச் செலவு என்றால் கை கொடுப்பது அந்த நாலைந்து கோழிகள்தான்.

அவற்றை ஒரே வாரத்தில் துடைத்துப் போடும் வெள்ளைக்கழிச்சலுக்கு இந்தியா முழுவதும் வழங்கும் பெயர் ராணிக்கெட் நோய். 1920களின் பிற்பகுதியில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். அது பரவும்போது பரம்பரை நாட்டுக்கோழி என்பதால் தப்பித்துவிடுவதில்லை. வந்தபின் வைத்தியமும் இல்லை. தடுப்பூசி உண்டு. அதற்கான ஒரு வைரஸ் ரகத்தைத் தந்ததும் அதே குமாவோனின் முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையம்தான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. சுமார் 8 வாரத்தில் ஊசி.

சிக்கல் குப்பியில் இருக்கிறது. தடுப்பு மருந்து 100 கோழிக்கோ அதற்கு மேலோ போதுமான அளவில் வருகிறது. குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்த சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக என்ன செய்வார்? தெருக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் எல்லாக் கோழிக்கும் போடச் சொல்லிக் கால்நடை மருந்தகத்தை அணுகுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

பறவைக் காய்ச்சலும் பெரிய பண்ணைகளின் நோய் மட்டுமல்ல. 2008இல் மேற்கு வங்கத்தில் பரவியபோது அழிக்கப்பட்ட லட்சக்கணக்கான பறவைகளில் பெரும்பகுதி கிராமத்து வீடுகளில் வளர்ந்தவை. கோழிகள் கொத்தாகச் சாகும்போது மிச்சத்தை அவசரமாக அறுத்துச் சாப்பிடுவதும் சந்தைக்கு அனுப்புவதும் ஆபத்து. உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

மேய்ந்து வந்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் கோழி 2 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்தைச் செலவழிக்கிறது. மாலையில் ஒரு பிடி நொய்யும் கொஞ்சம் கிளிஞ்சல் தூளும் வைத்தால் தோல்முட்டை குறையும். குஞ்சுகளைச் சில வாரம் பஞ்சாரத்தில் அடைத்து வளர்த்தால் பருந்துக்கும் கீரிக்கும் பலியாவது குறையும். பழைய பேட்டரி உடைக்கும் இடம், குப்பை எரிக்கும் இடம் பக்கம் கோழியை மேய விடக்கூடாது. மண்ணிலுள்ள ஈயம் முட்டை வழியே வீட்டுக்கே திரும்பி வரும்.

நகரத்தில் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, கோழி என்ன தின்றது, எங்கே மேய்ந்தது என்பது. கிராமத்தில் வளர்ப்பவர் கேட்க வேண்டியது, அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்பது. ஓட்டின் நிறத்தைப் பார்த்து இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது.