முதலில் தையல், பிறகு வெட்டு

பழந்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வையை இங்கே கர்நாடகத்தில் கௌதி என்கிறார்கள். தையல் வகுப்புகளில் இப்போது சொல்லித் தரும் ஒட்டுப்போர்வையோ வேறு மாதிரி. துணியை நீள வார்களாக வெட்டி, வார்களை இணைத்துத் தைத்து, அதற்குப் பிறகே குறுக்கே வெட்டுகிறார்கள். அந்தக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று என இரண்டரை அங்குல அகலம், 42 அங்குல நீளத்தில் இரு வார்கள். ஓரத்தில் கால் அங்குலம் விட்டு நீளவாக்கில் ஒரே தையல். பிறகு இரண்டரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் 16 துண்டுகள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றொன்றோடு சேர்த்தால் நாலு கட்டச் சதுரம். ஆக 8 சதுரங்கள். 32 கட்டங்களைத் தனித்தனியே வெட்டி ஜோடி சேர்த்தால் 16 சின்னத் தையல்கள் ஆகும். இங்கே ஒரே ஓட்டம்! தையல் மடிப்பைச் சிவப்புப் பக்கமாகவே இஸ்திரி போட வேண்டும். அப்போதுதான் திருப்பி வைக்கையில் இரு மடிப்பும் எதிரெதிராகப் பொருந்தி உட்காரும்.

அமெரிக்காவில் புளோரிடாவின் செமினோல் பெண்கள், கையால் சுற்றும் மெஷினில் 1910-களிலேயே இப்படி உடை தைத்தார்கள். துண்டுகளைச் சற்றே ஏற்றி இறக்கி வைத்தால் சாய்சதுர வரிசை வந்துவிடும். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சக்கரக் கத்தியைக் கொண்டுவந்தது. வார் வெட்டுவது அதன்பின் நிமிட வேலையாயிற்று.

ஆனால் பிசகும் சேர்ந்தே பெருகும். கால் அங்குலம் என்பது ஆசாரிமார் கணக்கில் இரண்டு நூல். அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் ஒரு தையலுக்கு இருபுறமும் சேர்த்து ஒரு நூல் போகும். எட்டு வார்களுக்கு ஏழு தையல். ஏழு நூல் காலி. பதினாறரை அங்குலம் வரவேண்டியது பதினைந்தரைச் சொச்சத்தில் நின்றுவிடும். தைத்தபின் இழுத்துச் சரிக்கட்ட முடியாது.

இது புதுத்துணிக்கான முறை என்பது என் அபிப்பிராயம். பாட்டியின் நூல்சேலையை இதற்கு வெட்டலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நைந்த இழை, குறுக்கே வெட்டிய இடத்தில் பிரிந்து, கால் அங்குலத் தையலை விட்டுவிடும். அதற்கு உத்தர கன்னடத்துச் சித்தியர் வழியே மேல். அடியில் ஒரு சேலையை விரித்து, துண்டுகளின் ஓரத்தை மடித்து வைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். நெருக்கமான அந்தத் தையல் வரிசைகள்தான் நைந்த துணியைத் தாங்குகின்றன.