மின்னழுத்தத்தில் ஒரு கமகம்

தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் துருத்தியை அசைத்து, மறு கையால் வாசிக்கிறோமே, அந்த ஆர்மோனியம் கொல்கத்தாவில் உருவானது. 1842-இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற மூலக்கருவி, காலால் மிதித்து வாசிக்க வேண்டிய மரச்சாமான். அதன் கால்களை நீக்கி, துருத்தியைப் பின்பக்கம் பொருத்தி, நம் உட்காரும் முறைக்கு ஏற்ப 1875 வாக்கில் மாற்றியமைத்தவர் துவார்கின் நிறுவனத்தின் துவாரகாநாத் கோஷ். அந்தப் பெட்டி வங்காளத்தின் வீடுகளுக்குள்ளும் நம் நாடக மேடைகளுக்குள்ளும் நுழைந்தது. எதிர்ப்பும் அதே ஊரில்தான் வலுத்தது. 1940 ஜனவரியில் ரவீந்திரநாத் தாகூர் கொல்கத்தா வானொலி நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்: ஆர்மோனியத்தை நிலையத்திலிருந்து விலக்குங்கள் என்று. அந்த ஆண்டு மார்ச் முதல் தேதி அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குற்றச்சாட்டு எளிமையானது. ஒரு ரீடுக்கு ஒரு சுருதிதான். பக்கத்து ரீடுக்குப் போகலாம். இடைப்பட்ட வெளியில் நடக்க முடியாது. நம் சங்கீதத்தின் உயிரோ அந்த இடைவெளியில் இருக்கிறது. கர்நாடக இசையில் அது கமகம், வடக்கே மீண்ட். தோடியின் காந்தாரத்தை ஆர்மோனியத்தில் தேடினால் இதனால்தான் கிடைப்பதில்லை. அது ஓரிடத்தில் நிற்கும் சுரமே அல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஊசலாடும் அசைவு.

இந்தக் குறையே இல்லாத ஒரு மின்கருவி உண்டு. மாடுலர் சிந்தசைசர் என்று பெயர். கல்யாணக் கச்சேரிகளில் பார்க்கும் கீபோர்டை இதனோடு சேர்த்து நினைக்க வேண்டாம். இதில் கட்டைகள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. குமிழ்களும் துளைகளும் நிறைந்த உலோகப் பலகைகள் ஒரு சட்டத்தில் வரிசையாகத் திருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு பலகையும் ஒரு மாட்யூல். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. எதை எதோடு இணைப்பது என்பதை வாசிப்பவரே கேபிள் செருகி முடிவு செய்கிறார். அந்த இணைப்பின் பெயர் பேட்ச். பேட்ச் போடாதவரை கருவியிலிருந்து ஒலி வராது. முந்தைய காலத்துத் தொலைபேசி இணைப்பகத்தின் சாயல் இதற்கு இருப்பது தற்செயலல்ல. கேபிளும் துளையும் அங்கிருந்து வந்த தொழில்நுட்பம்தான்.

1960-களின் முற்பாதியில் அமெரிக்காவில் இருவர் இதைத் தனித்தனியே உருவாக்கினார்கள். கிழக்குக் கரையில் ராபர்ட் மோக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சோடு சேர்ந்து 1964-இல் தன் முதல் மாதிரியைச் செய்தார். மேற்கில், சான் பிரான்சிஸ்கோவில், இசையமைப்பாளர்கள் மார்டன் சபாட்னிக், ரமோன் செண்டர் இருவரின் தேவைக்காக டான் புக்லா வேறொன்றைக் கட்டினார். கட்டைகள் வேண்டவே வேண்டாம் என்றவர் புக்லா. இன்று உலகெங்கும் மேடைகளில் காணும் சிறிய வடிவம் ஜெர்மனியின் டீட்டர் டெப்ஃபரால் 1990-களின் நடுவில் வந்தது. யூரோராக் என்ற அந்த அளவுமுறையில் பலகையின் உயரம் 128.5 மில்லிமீட்டர். வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கைவினைஞர்கள் செய்த மாட்யூல்கள் ஒரே பெட்டியில் பொருந்துகின்றன. ஒரு சூட்கேஸ் அளவுக்குள் முழுக் கச்சேரியும் அடங்கிவிடும்.

கொல்கத்தாவில் இந்தக் கருவியோடு முதலில் நினைவுக்கு வரும் பெயர் வருண் தேசாய். எலக்ட்ரானிக் இசைக்கலைஞர்கள் ஓரிடத்தில் தங்கிச் சேர்ந்து வேலை செய்யும் சிந்த் ஃபார்ம் என்ற கூடுகையைத் தொடங்கியவர் அவர். கூட்டம் சிறியதுதான். ஆனால் மண் பொருத்தமானது. லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள். கொஞ்சதூரம் நடந்தால் சாந்தினி சௌக்கில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஐ.சி.யும் விற்கும் கடைகள். வாத்தியமும் மின்னணு உதிரிப்பாகமும் இவ்வளவு அருகருகே கிடைக்கும் ஊர் இந்தக் கருவிக்கு ஏற்ற ஊர்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஆசிலேட்டர் என்ற மாட்யூல் ஓர் அலையை ஓயாமல் உற்பத்தி செய்கிறது. அதன் சுருதியைத் தீர்மானிப்பது அதற்குள் நுழையும் மின்னழுத்தம். மோக் வகுத்து, யூரோராக்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு இது: ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். கீழ் ஷட்ஜத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் நடுவே சரியாக ஒரு வோல்ட். அதைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஒரு அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். ஒரு மில்லிவோல்ட் மாறினால் அந்த அரைச்சுரத்தில் எண்பதில் ஒரு பங்கு சுருதி நகரும். தேர்ந்த செவிக்குக்கூட அது எட்டாது. மின்னழுத்தத்துக்குப் படிக்கட்டு கிடையாது. 0-விலிருந்து 1 வோல்ட்டுக்குப் போகும் வழியில் உள்ள எல்லாப் புள்ளிகளும் சுரங்களே. ஆர்மோனியத்தில் எது இல்லை என்றார்களோ, அது இங்கே கருவியின் இயல்பாகவே இருக்கிறது.

அதனாலேயே கமகம் தானாக வந்துவிடாது. அதை வாசிக்க வேண்டும். ஸ்லூ என்ற மாட்யூல், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் மின்னழுத்தத்தைச் சறுக்கலாக மாற்றும். அது வழுக்கிச் செல்லும் ஜாருக்குப் போதும். சுரத்தை அசைத்து ஆட்டும் கம்பிதத்துக்குப் போதாது. மெதுவாக அலையும் இன்னொரு ஆசிலேட்டரைச் சுருதியோடு இணைத்தால் சுரம் ஆடத்தான் செய்யும், ஆனால் ஒரே சீராக ஆடும். சீரான ஆட்டம் கமகம் ஆகாது. எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், எந்த இடத்தில் நிற்பது என்பவற்றை விரல்தான் சொல்ல வேண்டும். இதற்காகத் தொடுபலகைகளும், விரலை வழுக்கி வாசிக்கும் ரிப்பன்களும் உண்டு. மேடையில் மாடுலர் வாசிப்பவரின் கையைக் கவனித்தால், வீணையில் நரம்பை இழுக்கும் விரலின் பொறுப்பு அந்தக் கைக்கும் இருப்பது தெரியும்.

குவான்டைசர் என்று ஒரு மாட்யூல் உண்டு. உள்ளே வரும் எந்த மின்னழுத்தத்தையும் பக்கத்திலிருக்கும் பன்னிரு சுரங்களில் ஒன்றுக்கு நகர்த்திவிடும். தப்பு நேராது, பாதுகாப்பானது. பெரும்பாலான கச்சேரிகளில் இது இடைவிடாமல் இயங்குவதைக் கேட்கிறேன். அதை எப்போதும் போட்டுவைப்பவர், இவ்வளவு செலவழித்து மறுபடியும் ஆர்மோனியத்தையே செய்துகொள்கிறார் என்பது என் தீர்மானமான கருத்து.

சுருதிக்கு அடுத்தது நாதம். ஆசிலேட்டரின் ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் இருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும். ஃபில்டர் அவற்றில் சிலவற்றைத் தடுக்கும், சிலவற்றை எடுத்துக்காட்டும். நமக்குப் பழக்கமான மோர்சிங்கை நினைத்தால் இது உடனே புரியும். மோர்சிங்கின் நாக்குக்கு ஒரே சுருதிதான். வாசிப்பவரின் வாய்க்குழி விரிந்தும் சுருங்கியும் மேற்சுரங்களைப் பொறுக்கி எடுப்பதால் அத்தனை சொற்கள் பிறக்கின்றன. இங்கே நாக்கு ஆசிலேட்டர், வாய் ஃபில்டர். 1969-இல் வெளிவந்த 'கூபி காயேன் பாகா பாயேன்' படத்தின் பேய் நடனத்துக்கு இசையமைக்கும்போது சத்யஜித் ராய் மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் என்ற நம் தாளவாத்தியங்களைத்தான் தேர்ந்தெடுத்தார். பேய்களின் அரசனுக்குத் தன் குரலையே பதிவுசெய்து, வேகத்தை மாற்றிப் பயன்படுத்தினார். கேட்டறியாத ஒலிக்காக எவ்வளவு தூரமும் போகத் தயாராக இருந்த கலைஞர் அவர்.

ஸ்டூடியோவில் இந்தக் கருவியோடு நாள்கணக்கில் உட்காரலாம், மேடையில் முடியாது. அனலாக் மாட்யூல்களுக்கு ஞாபகசக்தி இல்லை. நேற்று கிடைத்த ஒலியை இன்று பொத்தானை அழுத்தி வரவழைக்க முடியாது. கேபிள்கள் அதே துளைகளில் இருந்தாலும் ஒரு குமிழ் மயிரிழை நகர்ந்திருந்தால் போதும், வேறு ஒலி. எனவே சிலர் பேட்ச்சை வீட்டிலேயே போட்டு, கேபிள்களைக் கழற்றாமல் பெட்டியை அப்படியே தூக்கிவருவார்கள். வேறு சிலர் ஒரு கேபிள்கூட இல்லாத வெற்றுப் பெட்டியோடு ஆரம்பிப்பார்கள். முதல் கேபிளில் ஒரு ஆதாரசுருதி எழும். இரண்டாவதில் அது அசையத் தொடங்கும். தாளம் வர இன்னும் சற்று நேரமாகும். இந்த இரண்டாம் வகையே எனக்கு உயர்வாகப் படுகிறது. ஒலி எப்படி உண்டாகிறது என்பதை ரசிகர் கண்ணால் பார்க்கிறார். முன்வரிசையில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

தாளத்தைத் தருவது க்ளாக் என்ற துடிப்பும், அதை எண்ணி நடக்கும் சீக்வென்சரும். எட்டு, பதினாறு என்ற நடை உலக வழக்கம். ஆனால் சீக்வென்சரை ஏழாவது படியில் திரும்பச் சொன்னால் திரும்பிவிடும். வடக்கின் ரூபக் தாளத்துக்கு மேடை தயார். ஏழு துடிப்புகளில் மூன்று அடிகளை இயன்றவரை சமமாகப் பரப்பச் சொல்லும் மாட்யூல்களும் உண்டு. அவற்றின் கணக்குப்படி வரும் விடை, சுழற்றிப் பார்த்தால், ரூபக்கின் மூன்று, இரண்டு, இரண்டுதான். ஒரே க்ளாக்கின் துடிப்புகளை ஒரு பக்கம் ஏழேழாகவும் மறுபக்கம் ஐந்தைந்தாகவும் எண்ணி ஒரே நேரத்தில் ஓடவிட்டால் முப்பத்தைந்தாவது துடிப்பில் இரண்டும் சமத்துக்கு வந்து சேரும். கோர்வை போட்டுப் பழகிய மிருதங்க வித்வான் ஒருவர் இந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தால் என்னவாகும் என்று ஆசையோடு நினைத்துப் பார்க்கிறேன்.

கொல்கத்தா போன்ற ஊரில் வெப்பம் பெரிய எதிரி. ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கைச் செயல்படுத்துவது ஆசிலேட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர். அதன் குணம் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.33 சதவீதம் மாறும். ஈடுகட்டும் சிறப்பு ரெசிஸ்டர் இல்லாத ஆசிலேட்டரில், அறை ஐந்து டிகிரி சூடானால், மூன்று ஸ்தாயி தாண்டிய சுரம் அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல் விலகிவிடும். ஒத்திகை ஏ.சி. அறையிலும் கச்சேரி மே மாதத்து மொட்டைமாடியிலும் என்றால் சேர்த்துவைத்த சுருதி நிற்காது. நல்ல மாட்யூல்களில் ஈடுகட்டும் ஏற்பாடு உண்டு. இருந்தாலும் அனுபவசாலிகள் கச்சேரிக்கு வெகுநேரம் முன்பே மின்சாரம் கொடுத்துப் பெட்டியைச் சூடேற விடுவார்கள். பிறகுதான் சுருதி சேர்ப்பார்கள்.

இன்னொரு ஆபத்து மின்வெட்டு. 1969 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் நான்கு மோக் சிந்தசைசர்களை வைத்து நேரடிக் கச்சேரி நடந்தது. கூட்ட நெரிசலில் மின்செருகி பிடுங்கிக்கொண்டு, கச்சேரி அங்கேயே முடிந்தது. இன்று வாசிப்பவர்கள் ஒரு யு.பி.எஸ். வைத்துக்கொள்வது நல்லது.

அதே 1969-இல் ஒரு மோக் மாடுலர் இந்தியாவுக்கும் வந்தது. அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதை நிறுவ வந்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். பின்னணியில் இருந்தவர் கீதா சாராபாய். பக்கவாஜ் பயின்றவர், 1946-இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றவர். டியூடர் திரும்பிப் போன பிறகும் அந்த ஸ்டூடியோ இயங்கியது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே செய்த பதிவுகள் நாடாச்சுருள்களில் உறங்கிக் கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடியெடுத்துத் தொகுத்தார். 2023-இல் அவை 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற ஆல்பமாக வெளிவந்தன. மாத்தூரின் ஒரு பதிவுக்கு 'ஒருமுறை தம்பூரா வாசித்தேன்' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு. இந்தக் கருவியைத் தொட்ட முதல் இந்தியத் தலைமுறையின் காதில் தம்பூராவும் ஒலித்துக்கொண்டிருந்தது.

உலகில் வெகுசிலரிடம் மட்டுமே மோக் இருந்த காலம் அது. அப்போதே நம் நாட்டில் ஒன்று இருந்தது, வாசிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பிறகு அரைநூற்றாண்டு அந்தப் பதிவுகளைக் கேட்க ஆளில்லை. அவற்றைக் கேட்டு ஒரு தலைமுறை வளர்ந்திருந்தால் இந்திய மின்னிசை இன்று எங்கே இருந்திருக்கும் என்ற எண்ணம் என்னை வாட்டுகிறது. இன்று கொல்கத்தாவில் சிலர் தொடங்கியிருப்பது அதனால்தான் முக்கியமாகப் படுகிறது.

நம் இசைக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறிய மாடுலர் பெட்டி வாங்கி, வீணை வகுப்புக்கும் மிருதங்க வகுப்புக்கும் பக்கத்தில் வைக்க வேண்டும். கமகம் தெரிந்த விரல்களிடம் அது போய்ச் சேர வேண்டும். அதுவரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. வி.சி.வி. ராக் என்ற மென்பொருள் இணையத்தில் இலவசம். யூரோராக்கின் பலகைகளையும் கேபிள்களையும் கணினித் திரையிலேயே தரும். ஒரு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு ஸ்லூ, இந்த மூன்றோடு தொடங்குங்கள். குவான்டைசரைத் தொடாதீர்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த ராகத்தில் ஒரே ஒரு பிடியை அதில் கொண்டுவர முயலுங்கள்.