திரி கருகினால்...



விளக்கில் எண்ணெய் வற்றினால் என் பாட்டி உடனே குரல் கொடுப்பார்: "திரி கருகுது பாரு, எண்ணெய ஊத்து!" எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும் வரை பஞ்சுத்திரி எளிதில் கருகாது, எண்ணெய் தீர்ந்தால் திரியே எரியத் தொடங்கும். சென்ற செமஸ்டரில் விடுதி அறைத்தோழன் தன் மின்சிகரெட்டை நீட்டி, "மச்சான், தீஞ்ச வாடை வருதுடா, நீதானே இன்ஜினியரிங், கொஞ்சம் பாரேன்" என்றபோது பாட்டியின் குரல்தான் நினைவுக்கு வந்தது.

மின்சிகரெட்டுக்குள் இருப்பதும் ஒரு திரிதான். பஞ்சைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருள் இருக்கும். புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டிகள், பெரும்பாலும் நிகோடின் ஆகியவை கலந்த திரவம் பஞ்சின் நுண்ணிய இடைவெளிகள் வழியே தானாக ஏறிச் சுருளை நனைக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. முன்னதன் கொதிநிலை ஏறத்தாழ 188 பாகை செல்சியஸ், கிளிசரினுக்கு 290. பஞ்சு ஈரமாக இருக்கும்வரை, ஆவியாகும் திரவமே வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். உலர்ந்துவிட்டாலோ வெப்பம் சட்டென்று எகிறும். பஞ்சு கருகும், திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உருவாகும்.

இதைத் தடுக்க வடிவமைப்பாளர்கள் மூன்று வழிகளைக் கையாள்கின்றனர்.

முதலாவது, திரி. தொடக்கத்தில் சிலிக்கா நூல் பயன்பட்டது. பின்னர் பஞ்சும் நுண்துளைப் பீங்கானும் வந்தன. கிளிசரின் கெட்டியானது, மெதுவாகவே ஏறும். ஆகவே அது மிகுந்த திரவத்திற்குப் பெரிய துளைகள் வேண்டும்.

இரண்டாவது, சுருள். கம்பிக்குப் பதிலாக வலைபோன்ற மெல்லிய உலோகத் தகடு வைத்தால் வெப்பம் பரவலாகச் சேரும்; ஓரிடம் மட்டும் தகிக்காது.

மூன்றாவது, வெப்பக் கட்டுப்பாடு. நிக்கல், டைட்டானியம், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றின் மின்தடை, சூடு ஏற ஏறக் கூடும். அதை அளந்து, வரம்பை நெருங்கியதும் சில்லு மின்சாரத்தைக் குறைத்துவிடும். நிக்ரோம் கம்பியின் மின்தடை மிகச் சிறிதளவே மாறுவதால் இம்முறைக்கு அது ஒத்துவராது.

நண்பனுக்குப் புதிய சுருள் மாற்றி, வாட் அளவையும் குறைத்துக் கொடுத்தேன். வாடை போய்விட்டது. பெருமையாக இருந்தது. ஆனால், முன்பு தொண்டை எரிந்து கீழே வைத்தவன், இப்போது படிக்கும்போதும் படுக்கும்போதும் அதைக் கையில் வைத்திருக்கிறான்!

நல்ல திரி, கருகுவதால் வரும் நச்சைக் குறைக்கும், நிகோடினைக் குறைக்காது. சிங்கப்பூர் 2018-இல் இதன் பயன்பாட்டையே தடை செய்தது. மலேசியாவில் 2024 அக்டோபர் முதல் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்கக் கூடாது. நாமோ 18-ஐக் கடந்தவர்கள்; முடிவு நம் கையில்தான் இருக்கிறது.

சுருளைக் கழற்றுவதற்கு முன்பே இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். தாமதமாகத்தான் சொன்னேன். "யோசிக்கிறேன்டா" என்றான். நீங்களும் யோசியுங்கள், நண்பர்களே.