நான்கு சீட்டில் ஒரு வாக்கு

சீட்டாட்டம் குடியைக் கெடுக்கும் என்பர் பெரியோர். பணம் வைத்து ஆடுவோர்க்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால், விறாந்தையில் பாய் விரித்து, பணம் வையாது நால்வர் கூடி ஆடும் ‘304’ என்னும் கடதாசி விளையாட்டோ தேநீரை ஆறச்செய்வதோடு நின்றுவிடும். கூர்ந்து நோக்கின், அறநூல்கள் கூறும் பாடங்கள் சிலவற்றை அது சிரிக்கச் சிரிக்கக் கற்பிப்பதையும் காணலாம்.

‘யாஸ்’ என்னும் ஐரோப்பிய ஆட்டத்தின் வழித்தோன்றலே இது என்று சீட்டாட்ட வரலாறு ஆராய்ந்தோர் கருதுவர். சீட்டுகள் 32. அவற்றின் மதிப்போ வேடிக்கையானது. ஜாக் எனப்படும் சேவகனுக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10. முடி சூடிய அரசனுக்கு 3; அரசிக்கு 2! எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304. கிரீடத்தைக் கண்டு மயங்காதே என்பது முதற்பாடம். பெரிய உத்தியோகத்தரிடம் ஆகாத கருமத்தைக் கந்தோர்ப் பியோனிடம் முடித்துக்கொண்டோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பாடம் இல்லறத்தாருக்கு உரியது. அருகில் தோளுரச அமர்ந்திருப்போர் எதிர்க்கன்னை. எதிரே அமர்ந்து முறைத்துப் பார்ப்பவரே நம் கன்னை. இருமியும் கண் சிமிட்டியும் அவருக்குக் குறிப்புக் காட்டுதல் கூடாது. அவர் மனத்திலுள்ளதை அவர் இறக்கும் சீட்டைக் கொண்டே உணர வேண்டும்.

மூன்றாவது பாடமே தலையாயது. ஒவ்வொருவருக்கும் எட்டுச் சீட்டுகள் உரியன; எனினும் முதலில் நான்கே கொடுக்கப்படும். அந்நான்கை நம்பியே 160-இற்குக் குறையாமல் கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்டவர் அவற்றுள் ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைத்த பின்னரே மற்ற நான்கும் வந்து சேரும். வாக்குக் கொடுத்த பிறகே கை முழுவதும் தெரியும்! போதாக்குறைக்கு, வென்றால் பெறுவதிலும் தோற்றால் இழப்பது அதிகம்.

நம் வீடுகளில் நடப்பதும் இதுவன்றோ? ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் பிள்ளை நல்ல புள்ளி பெற்றதும், “இவன் வைத்தியன்தான்” என்று தந்தையார் ஒரேயடியாக 200 கேட்டுவிடுகிறார். பிள்ளைக்கு வயதோ பத்து. கையிலிருப்பவை நான்கே சீட்டுகள். பின்வரும் நான்கில் சங்கீதம் இருக்கலாம். யந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் கைத்திறன் இருக்கலாம். தந்தையார் கவிழ்த்து வைத்த துரும்பின் இனத்தில் ஒன்றேனும் இல்லாமலும் போகலாம்.

ஆட்டத்தில் தோல்வியைக் கேட்டவரின் கன்னையே ஏற்கும். சீட்டை யாரும் குற்றஞ்சாட்டுவதில்லை. வீட்டிலோ கேட்டவர் பெற்றோர். ஏச்சு வாங்குவது பிள்ளை. உயர்தரப் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் உணவருந்தாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைகளுள் எத்தனை பேர், தாம் கேளாத கேள்விக்குக் கடன் செலுத்துகின்றனர்!

மாணவர்க்கும் ஒரு வார்த்தை. முதல் நான்கில் ஏழும் எட்டுமே வந்தன என்று சீட்டுகளை எறிந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சேவகன் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெற்றோர் அளவறிந்து கேட்கட்டும். பிள்ளைகள் பொறுத்திருந்து ஆடட்டும். மற்ற நான்கும் வரட்டும்.