மீசை வைத்த குட்டி

பாடாலூரில் டீக்கடை ஓரம் படுத்திருக்கிற நாட்டு நாயைப் பார்த்திருப்பீர்கள். முடி குட்டையாக, உடம்போடு ஒட்டியிருக்கும். டின்டின் படக்கதையில் வருகிற வெள்ளை நாயையும் நினைத்துப் பாருங்கள். அது ஃபாக்ஸ் டெரியர். தாடி, மீசை, தாத்தாவுக்கு இருப்பதுபோல் அடர்ந்த புருவம்!

ஒரே விலங்குக்கு ஏன் இத்தனை விதமான முடி? ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2009இல் விஞ்ஞானிகள் ஒரு விடை சொன்னார்கள். பெரும்பாலும் மூன்றே மரபணுக்களின் வேலை அது. ஒன்று முடியை நீளமாக்கும், ஒன்று சுருட்டும், மூன்றாவது கம்பிபோல் விறைப்பாக்கி மீசை தாடியும் வைத்துவிடும். இந்த மூன்றும் எப்படிக் கலக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலான வேறுபாடுகள்.

லத்தீனில் ‘டெர்ரா’ என்றால் மண். வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் துரத்த வளர்த்த நாய் என்பதால் டெரியர். இங்கிலாந்தில் ஜான் (செல்லமாக ஜாக்) ரஸ்ஸல் என்ற மாணவர் 1819இல் ஒரு பால்காரரிடமிருந்து ‘டிரம்ப்’ என்ற பெட்டை நாயை வாங்கினார். ஜாக் ரஸ்ஸல் டெரியர் வம்சத்தின் பாட்டி அதுதான். ஆகவே உங்கள் குட்டி பூந்தொட்டியைத் தோண்டிப் போட்டால் திட்டாதீர்கள். அது பரம்பரைத் தொழில்.

கம்பி முடிக்கும் வேலை உண்டு. முள், மண், குளிர் எதுவும் தோலைத் தொடாமல் காக்கும். வெளியே முரட்டு முடி, அடியில் பஞ்சு முடி என்று இரண்டு அடுக்கு. முரட்டு முடி நுனிப்பக்கம் தடித்து நிறம் ஏறியிருக்கும், வேர்ப்பக்கம் மெலிந்து வெளுத்திருக்கும். கத்தரியால் வெட்டினால் நுனி போய், மெலிந்த பாதி மட்டும் மிஞ்சும். நாய் சாயம் போன துணிமாதிரி ஆகிவிடும். அதனால் பழக்கமுள்ளவர்கள், வளர்ந்து முடிந்து தானாகவே தளர்ந்திருக்கும் முடியை மட்டும் விரலால் உருவி எடுப்பார்கள். தளர்ந்த முடி என்பதால் வலிக்காது. அந்த இடத்தில் புதுக் கம்பி முளைக்கும். நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம், சீப்பு போதும். சீவும்போதே காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

“சித்திரை வெயில், மொட்டை அடித்துவிடலாமே” என்பார் வீட்டில் யாராவது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும். மற்ற சூட்டைப் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் வெளியேற்றும். மொட்டை அடித்தால் வெயில் நேராகத் தோலைச் சுடும். நிழலும் தண்ணீரும்தான் வழி. தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் குட்டியின் பாதத்தாலும் முடியாது.

குட்டி வாங்கப் போனால் ஒரு சோதனை. அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டுங்கள். காது கேட்கிறதா என்று தெரிந்துவிடும். ராஜபாளையம் என்ற வெள்ளை இனத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கின்றன, வெள்ளை அதிகமுள்ள டெரியர்களிலும் இது உண்டு. தோலுக்கு நிறம் தருகிற அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருந்தால்தான் காது வேலை செய்யும். நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே முதலில் ஆச்சரியமாக இருந்தது!

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதி சொல்கிறது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரண்டுதான் அது கற்கிறது. தாய் நாயையும் காட்டச் சொல்லுங்கள், தடுப்பூசி அட்டையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடாலூர்க்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று. பெரம்பலூர் மாவட்டத்துச் சின்ன வெங்காயம் நமக்குப் பெருமை, நாய்க்கு விஷம். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. சாப்பிட்ட அன்றைக்கே ஒன்றும் தெரியாமலும் போகலாம். சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். அதுவரை காத்திராமல், சாப்பிட்டது தெரிந்த உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். வெங்காயச் சாம்பார் ஊற்றிய மிச்சச் சோறு குட்டிக்கு வேண்டவே வேண்டாம்.