மண்வெட்டி தொடாமல் ஒரு நகரம்!

லண்டனுக்கு வடமேற்கே சுமார் 20 மைல் தொலைவில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெரிய பூங்காவில் 2013-ம் ஆண்டு ஒரு விசித்திரக் காட்சி தொடங்கியது. தலை நரைத்த சிலர், குழாய்கள் பொருத்திய ஒரு தள்ளுவண்டியைப் புல்வெளியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கோடி வரை போய்த் திரும்பினார்கள். மறுபடியும் அதே நடை! கையில் மண்வெட்டியோ கடப்பாரையோ இல்லை. சம்பளமும் கிடையாது.

அவர்கள் தேடியது, காலுக்கடியில் புதைந்து கிடக்கும் வெருலேமியம் என்ற ரோமானியர் நகரத்தை. கி.பி. 60-ஐ ஒட்டி பூடிக்கா என்ற ராணி தீ வைத்துக் கொளுத்திய நகரம் அது. பின்னர் மீண்டும் எழுந்தது.

1930-களின் தொடக்கத்தில் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும் அதைத் தோண்டினார்கள். வீலர் நமக்குப் புதியவர் அல்ல. பிற்பாடு இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக வந்து, 1945-ல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டைத் தோண்டியவர் இவர்தான்.

ஆனால் தோண்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. கலைத்த மண்ணை மறுபடி அடுக்க முடியாது. அதிலும் மதிலுக்குள் மட்டும் சுமார் 200 ஏக்கர்! எத்தனை பேர், எத்தனை காலம் தோண்டுவது?

ஆகவே லண்டன் யுனிவர்சிடி காலேஜ் ஆசிரியர் கிரிஸ் லாக்யர், அக்கம்பக்கத்து ஊர்களின் சரித்திர ஆர்வலர்களைச் சேர்த்துக் கருவிகளைப் பழக்கினார்.

பெல்ட் கூடாது!

வண்டியில் இருந்தது காந்தத்தை அளக்கும் கருவி. தீயில் வெந்த மண் லேசான காந்த சக்தி பெறும். அடுப்பு, சூளை இருந்த இடத்தைக் கருவி காட்டிக் கொடுத்துவிடும். தூர்ந்துபோன அகழியும் தெரியும். ஆனால் தள்ளுகிறவர் இடுப்பில் பெல்ட் பக்கிளோ, பையில் சாவிக்கொத்தோ இருந்தால் போச்சு, கணக்கு கெட்டுவிடும்!

இன்னொரு கருவி மண்ணுக்குள் மின்சாரத்தைச் செலுத்தும். ஈர மண்ணில் அது எளிதாக ஓடும். கல் சுவர் தடுக்கும். தடுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தால், வீட்டின் அறைகள் கோடு போட்டாற்போல் தெரியும்.

எந்த இடத்தில் எடுத்த அளவு என்பது தவறினால் எல்லாம் வீண். அதற்குத்தான் செயற்கைக்கோள். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவை அனுப்பும் சமிக்ஞையைக் கொண்டு, முளையடிக்கும் இடத்தையும், கரையின் மேடு பள்ளத்தையும் விரல்கடை பிசகாமல் குறிக்கலாம்.

நினைத்தவர் நினைத்தபடி இதைச் செய்துவிட முடியாது. 1979-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தில் இக்கருவியை ஓட்ட உரிமம் வேண்டும். புதையல் திருடர்களுக்குப் பயந்து போட்ட சட்டம்!

நகரத்தின் ஒரு பகுதிதான் பூங்கா. மற்றது தனியார் பண்ணை நிலம். ஏர் ஓடிய நிலம். டிராக்டர் கொழு இறங்கும்போதெல்லாம், மேலாக இருக்கும் சுவரும் தளமும் பெயர்ந்து வரும். பெயர்ந்தது போக மிச்சம் எங்கே, எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? அந்த வயல்களிலும் வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். தெருக்களும் கட்டடங்களும் கோடு கோடாகத் தாளில் ஏறின.