பிள்ளை வந்து சொல்லட்டும்

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு இருங்கள். அவசரமில்லாமல் பேச வேண்டிய விஷயம் இது.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இன்று பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் தாய் தகப்பன்மாரில் பலர் 2006இல் தாங்களே பிள்ளைகள். அந்த வருஷம் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தது. கட்டைபறிச்சான், கிளிவெட்டி முகாம்களில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேர். 2015, 2016இல் திரும்பி வந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வீட்டை எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில் 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியது. பாடம் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியது. பாடத்துக்கென்று கடன்பட்டு வாங்கிய போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

அந்தப் போனைப் பற்றிப் பெற்றார் யாரிடம் படிக்கிறார்கள்? பெரும்பாலும் ரீலோட் போடும் கடைத் தம்பியிடம், இல்லாவிட்டால் பிள்ளையிடமே. கடைத் தம்பி நல்ல பிள்ளைதான், உதவிதான் செய்கிறார். ஆனால் கணக்குத் திறக்கும்போது பிறந்த ஆண்டைக் கேட்குமே, அங்கேதான் கோளாறு. பேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டிலும் 13 வயதாகாத பிள்ளைக்குக் கணக்குக் கிடையாது. அதனால் வாய்க்கு வந்த ஓர் ஆண்டை, 1995 என்று வைத்துக்கொள்ளுங்கள், போட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை நிறுவனத்தின் கணக்கில் வளர்ந்த ஆள். 2024 செப்டெம்பரில் இன்ஸ்டகிராம் பதின்வயதினருக்கென்று தனிக் காவல் கொண்டுவந்தது: கணக்குத் தானாகவே பூட்டியிருக்கும், முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது. 1995இல் பிறந்ததாகப் பதிந்த பிள்ளைக்கு அந்தக் காவல் கிடைக்காமலே போகலாம். ஆண்டைத் திருத்திப் பாருங்கள். திருத்த விடாவிட்டால் மூடிவிட்டு, 13 வயதான பிறகு சரியான திகதியோடு புதிதாகத் திறக்கலாம். கணக்கு எந்த நம்பரில், யாருடைய ஈமெயிலில் திறக்கப்பட்டது என்றும் பாருங்கள். கடைக்காரரின் ஈமெயில் என்றால், நாளைக்கு அதை மீட்கும் சாவியும் அவரிடம்தான்.

பெரியவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். கட்டாரில் இருக்கும் மச்சானின் வட்ஸ்அப்பிலிருந்து ஒரு செய்தி வரும்: “தவறுதலா உங்கட போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒண்டு வந்திருக்கும், அனுப்பிவிடுங்கோ.” எழுதுவது மச்சான் அல்ல, அவருடைய கணக்கை ஏற்கெனவே பிடித்துவிட்ட திருடன். உங்கள் நம்பரைத் தன் போனில் அடித்து வட்ஸ்அப்பைத் திறக்கப் பார்க்கிறான். அதற்கான சாவிதான் அந்த ஆறு இலக்கம். கொடுத்த கையோடு உங்கள் கணக்கு அவனிடம் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் சொந்தக்காரர் எல்லோரிடமும் காசு கேட்பான். வட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘கணக்கு’ என்ற பகுதிக்குள் இரு படிச் சரிபார்ப்பு இருக்கிறது. அதில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பின் நம்பரைப் போட்டுவிட்டால், எஸ்எம்எஸ்ஸில் வந்த இலக்கம் மட்டும் அவனுக்குப் போதாது.

இதெல்லாம் செட்டிங்ஸ். கஷ்டமானது இனித்தான்.

ஒருவன் போனில் பிள்ளையோடு பழகி, ஓர் அந்தரங்கப் படத்தை வாங்கிவிடுகிறான். பிறகு, “இன்னும் அனுப்பு, இல்லாட்டி ஊருக்கே காட்டுவன்” என்கிறான். பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? அடி விழும், போன் பறிபோகும், எல்லாம் அழிக்கப்படும், பெண் பிள்ளையென்றால் ரியூசனும் நிற்கும். பயத்தில்தான் செய்கிறோம். ஆனால் அழித்ததோடு அவனைப் பிடிப்பதற்கான சாட்சியும் போய்விடுகிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சி, தனக்கு ஒன்று நடந்தால் வாயே திறக்க மாட்டாள். அவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்றால், சித்தியோ மாமியோ ஒருவரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: “என்ன நடந்தாலும் இவவிட்டச் சொல்லு, ஏச மாட்டா.”

அப்படி நடந்தால் காசு கொடுக்காதீர்கள், கெஞ்சாதீர்கள். மிரட்டிய செய்திகளையும் அவனுடைய கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டுப் பிறகு தடுத்துவிடுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும், ஆலோசனை கேட்கக்கூட, யாருக்கும் அனுப்ப வேண்டாம். அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான தேசிய மையம் 2023இல் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச வசதியைத் தொடங்கியது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாமலே அதற்கொரு இலக்க அடையாளம் உண்டாகும். அதை வைத்துப் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். 18 வயதாகுமுன் எடுத்த படங்களுக்கு இது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். களவு போன கணக்கென்றால் இலங்கைக் கணினி அவசர தயார்நிலை அணியின் (சேர்ட்) 101.

மூதூர் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கூப்பிட்டு ஊரில் ஒரு கூட்டம் வைக்கலாம். மாதர் சங்கத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். கொட்டியாரக் குடாவில் வலை போடப் போகும் ஆண்களும் கரைக்கு வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அவரவர் போனையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.